கல்லுக்குக் கல் கலர்

நான் பெயிண்டர் வேலைக்கு வந்ததற்குக் காரணம் கூச்சம்தான். ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அரியலூரில் ஒரு மளிகைக் கடையில் சேர்த்துவிட்டார்கள். வருகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்பதுதான் வேலை. என்னால் கேட்க முடியவில்லை. அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓரமாக நின்றேன். சிலர் எடுத்துக்கொண்டும் போனார்கள். பத்தாவது நாள் கடைக்காரர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிறகு வெள்ளையடிக்கிற ஒருவரோடு போனேன். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்படியே நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது.

என் மகள் எனக்கு நேர் எதிர். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருடைய ஊர், தொழில், அவர் வீட்டு ஆடு போட்ட குட்டிகள் வரை கேட்டுத் தெரிந்துகொண்டுவிடுவாள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், பெயிண்டர் பிள்ளை என்று பெருமையாகச் சொல்வாள். இந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் குழியில் தள்ளியது.

எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலை லாரிகள் போகிற ரோடு. உழும்போதும் கிணறு வெட்டும்போதும் நத்தை மாதிரி சுருண்ட கற்கள் கிடைக்கும். நத்தைக்கல் என்போம். எங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தது. தாம்பாளம் அகலம், பத்துக் கிலோவுக்குக் குறையாது. ஓரத்தில் கால்வாசி உடைந்து போயிருந்தது. ஆட்டுக்குத் தவிடு கரைக்கிற தொட்டியின் மூடி மேல் அதைத்தான் பாரமாக வைத்திருந்தோம்.

போன வருடம், பழங்காலத்து உயிரினங்களின் கல்படிவங்களை வைத்திருக்கிற அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மேடம் பெட்டி பெட்டியாகக் கற்களோடு மகளின் பள்ளிக்கு வந்து, ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அன்று மாலை மகள் வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை. நேராகத் தவிட்டுத் தொட்டிக்குப் போய்க் குனிந்து நின்றாள்.

"அப்பா, இது நத்தை இல்ல. அம்மோனைட்டு. கடல்ல இருந்த பிராணி. இங்க எல்லாம் அப்ப கடலா இருந்துச்சாம்."

"குடிக்கவே வாரத்துக்கு ரெண்டு தடவதான் தண்ணி விடுறான். இங்க எங்கேருந்து வந்துச்சு கடலு?" என்றாள் என் மனைவி.

"இப்ப இல்லம்மா. பல கோடி வருசத்துக்கு முன்னாடி."

"அப்ப சரி. அப்ப நாம இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த மேடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் சேர்த்து, பெரம்பலூரில் ஓர் அறிவியல் கண்காட்சி. அசல் கல் கொண்டுவந்து விளக்கம் சொல்கிறவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். நிலவியல் படித்தவர்களோடு ஓடைகளில் நடந்து, கல் தேடி, தட்டிப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு சுத்தியலும் கொடுப்பார்களாம். மகளுக்கு அந்த முகாம் வேண்டும். அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. சோற்றைப் பிசையும்போது முகாம். தலை பின்னும்போது முகாம். "முகாம்ல தலைய யாரு பின்னி வுடுவாங்க, நானே பழகிக்கணும்" என்று ஒரு வாரம் கோணல் ஜடையோடு பள்ளிக்குப் போனாள்.

கண்காட்சி திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில், படம் வரைந்து எழுதுவதற்காக அவள் அறிவியல் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். மழைத் தூறல் என்பதால் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பெயிண்டரைப் போல ஆபத்தான ஆள் கிடையாது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

கல் முற்றத்தில், நனையாமல் கொட்டகைக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு பக்கம் உடைசல். மேலெல்லாம் அழுக்கும் வெடிப்பும். நாளைக்கு இதைப் பெரம்பலூரில் மேஜை மேல் வைப்பார்கள். பெரிய பெரிய ஆட்கள் வந்து பார்ப்பார்கள். இவள் வாய் சும்மா இருக்காது, பெயிண்டர் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். பெயிண்டர் வீட்டுச் சாமானா இப்படி இருக்கிறது என்று ஊர் நினைக்காதா? எங்கள் பக்கத்தில் எந்த நல்லது என்றாலும் முதலில் பெயிண்டரைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமா, காதுகுத்தா, வீடு பூராவும் ஒரு கோட் அடித்துவிட்டுத்தான் பத்திரிகையே கொடுப்பார்கள். கல்லும் ஒரு நல்ல காரியத்துக்குத்தானே போகிறது?

முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெடிப்புகளில் பட்டி மாவைக் குழைத்து அடைத்துப் பட்டி பார்த்தேன். உடைந்த கால்வாசியையும் பட்டியாலேயே வளைத்துக் கட்டி, சுருளைப் பூர்த்தி செய்தேன். அந்தக் கல்லில் விசிறி மடிப்பு மாதிரி வரிகள் இருந்தன. நான் கட்டிய பகுதிக்கும் டேப் வைத்து அளந்து, ஸ்பூன் காம்பால் வரி இழுத்தேன். காய்ந்ததும் பிரைமர். அதற்குப் பிறகு என்ன கலர் என்று யோசித்தேன். தங்கக் கலர் அடித்தால் கோயில் சாமான் மாதிரி ஆகிவிடும். கல் என்றால் கல் மாதிரிதானே இருக்க வேண்டும்? சிமென்ட் தூணைக் கருங்கல் மாதிரி காட்டுவதில் எனக்கு இந்த வட்டாரத்தில் நல்ல பெயர் உண்டு. சாம்பல் எனாமல் இரண்டு கோட் அடித்து, பஞ்சில் கறுப்பும் வெள்ளையும் தொட்டுப் புள்ளி வைத்தேன். கடைசியாக வார்னிஷ். அடிப்பக்கம் மட்டும் எதுவும் செய்யவில்லை. கதவின் மேல் விளிம்பு, பீரோவின் முதுகு, இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத இடங்களில் பெயிண்டை வீணாக்குவது எங்கள் தொழிலில் வழக்கம் இல்லை.

முடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். அச்சு அசல் கல் மாதிரியே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. எனக்கு அவளிடமிருந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் இது கிடைக்கும்.

மகள் மூன்று மணிக்கு வந்தாள். முற்றத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். கத்தவில்லை. அழவில்லை. கல்லைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பல கோடி வருசம் அப்படியே இருந்துச்சுப்பா. ஒரு லீவு நாளு தாங்கல."

"பிடிக்கலன்னா தின்னர் போட்டு எடுத்துடலாம் பாப்பா."

"தொடாத. இருக்குறதும் போயிடும்."

அவள் டீச்சருக்குப் போன் போட்டாள். போனில் டீச்சர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. மகள் இரண்டு தடவை "டீச்சர், இருக்கீங்களா" என்று கேட்டாள். வேறு கல்லுக்கு இப்போது எங்கே போவது, அதையே கொண்டு வா என்று கடைசியில் சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு மகள் என்னோடு பேசவில்லை. தேவையானதை அம்மாவிடம் சொல்வாள். அம்மா எனக்குச் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம்.

மறுநாள் காலை கல்லை நான்தான் தூக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது மனைவி ஓடி வந்து, நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று கல்லுக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துவிட்டாள். மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ்ஸில் மகளும் டீச்சரும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டேன். மழை ஈரத்தில் வார்னிஷ் சரியாகக் காயவில்லை. உள்ளங்கை ஒட்டியது. கண்டக்டர் வந்தார். கல்லுக்கு லக்கேஜ் போடுவதற்காகக் கையை நீட்டியவர், பொட்டைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"எந்த ஊர் சாமிண்ணே?"

சாமி இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், பிறகு இது என்ன என்று கேட்பார். அம்மோனைட் என்று சொன்னால் அதற்கும் மேலே கேட்பார். நான் சும்மா சிரித்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்துப் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். ஒரு பெரியவர் எழுந்து, ஜன்னலோரம் உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார்.

"பிரதிஷ்டை எப்பங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இன்னைக்குத்தாங்க" என்றேன். பொய் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

அவர் கையிலிருந்த பூப்பொட்டலத்திலிருந்து ஒரு பூவை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். வார்னிஷில் அது நன்றாக ஒட்டிக்கொண்டது. பெரம்பலூரில் இறங்கியதும் மகள் பூவைப் பிய்த்து எடுத்தாள். பொட்டையும் துடைத்தாள். பூ இருந்த இடத்தில் ஒரு இதழ் மட்டும் கடைசிவரை வரவில்லை.

கண்காட்சி ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் நடந்தது. வரிசையாக மேஜைகள். நான் எண்ணிய வரையில் எரிமலை மட்டுமே ஏழு. குப்பை போட்டால் நன்றி சொல்கிற தொட்டி ஒன்று இருந்தது. எல்லோரும் அதற்குள் கையை விட்டு விட்டு எடுத்ததில் அது ஓயாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் மட்டும்தான் மேஜையருகே நிற்கலாம். பெற்றோர் உள்ளே வராதபடி குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். கயிறு எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் இன்னொரு பள்ளிப் பிள்ளைகள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு அம்மோனைட் செய்து, செம்மண் பூசி, பழசாக்கி வைத்திருந்தார்கள். மாதிரி என்று அட்டையில் எழுதியும் இருந்தார்கள். ஆனால் அட்டையை யார் படிக்கிறார்கள்? பார்க்க வந்தவர்கள் அதைக் காட்டி, "இது பூமியிலேருந்து எடுத்தது" என்றார்கள். எங்கள் கல்லைக் காட்டி, "இது கடையில விக்கிறது" என்றார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனார்கள்.

நடுவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலை நரைத்த நிலவியல் பேராசிரியர். இன்னொருவர் மார்க் தாள் வைத்திருந்த ஒரு அம்மா. பேராசிரியர் கல்லைப் பேனாவால் தட்டினார். பேனா ஒரு நொடி ஒட்டிக்கொண்டு வந்தது.

"பிளாஸ்டர்ல செஞ்சதாம்மா?"

"இல்ல சார். கல்லு."

"கல்லு மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்குன்னுல நெனச்சேன்."

"ஆமா சார். கல்லுலயே கல்லு மாதிரி பெயிண்ட் அடிச்சிருக்கு."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "ஏம்மா அப்படி?"

மகள் தூண் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அப்பாதான் அடித்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். "தப்பு நடந்துடுச்சு மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

"இத அசல்னு எப்படிப் போடுறது?" என்றார் அந்த அம்மா. "மாதிரி பிரிவுல போட்டுருவோமா சார்?"

"அதுக்கு முகாம் கெடையாதே" என்றார் பேராசிரியர். "என்ன செய்யிறது. போடுங்க."

அந்த அம்மா பேனாவைத் திறந்தார். மகள் கீழ் உதட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், அதற்கு அடுத்தது அழுகை. நான் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று இப்போதும் தெரியவில்லை.

பேட்ஜ் குத்திய ஒரு பையன் குறுக்கே வந்தான். "அண்ணே, பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாது."

"நான் பேரன்ட் இல்லீங்க. பெயிண்டரு" என்றேன்.

அவனுக்கு அதற்கு என்ன சட்டம் என்று தெரியவில்லை. விட்டுவிட்டான். நான் மேஜைக்குப் போனேன். கல்லை இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

அடிப்பக்கம் பெயிண்ட் இல்லை அல்லவா. பழைய கல் அப்படியே இருந்தது. தவிடு ஒரு பக்கம் பொருக்காகக் காய்ந்திருந்தது. பேராசிரியர் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் குனிந்தார். இலை நரம்பு மாதிரி நெளிநெளியாக ஏதோ கோடுகள் இருந்தன. அதன் மேலேயே லென்ஸை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மாறியிருந்தது.

"அசல்தான். இவ்வளவு பெருசு. இத யாருங்க இப்படிப் பண்ணுனது?"

"நாந்தாங்க."

"என்னென்ன போட்டீங்க?"

கேட்டது தொழில் விஷயம். எனக்கு எங்கிருந்தோ பேச்சு வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத்தாள் எந்த நம்பர், பட்டி எத்தனை கை, பிரைமரில் எவ்வளவு தின்னர், எனாமல் ஏன் சாம்பல், பஞ்சை எப்படிப் பிடிக்க வேண்டும். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு பேசியதில்லை. பக்கத்து எரிமலைப் பையன் எரிமலையை விட்டுவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "மியூசியத்துலயும் ஒடஞ்ச எடத்தப் பூசி நிரப்புறது உண்டுங்க. ஆனா வேற கலர்ல விடுவாங்க. எது பழசு, எது நாம வச்சதுன்னு பாக்குறவனுக்குத் தெரியணும். நீங்க எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டீங்க."

"ரெண்டு கலராத் தெரிஞ்சா வேலை சுத்தமில்லம்பாங்க சார்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார் அவர். பிறகு மகளைப் பார்த்தார். "ஏம்மா, இப்ப எது வரைக்கும் கல்லு, எது வரைக்கும் பட்டின்னு உன்னால சொல்ல முடியுமா? அவரு சொல்லக் கூடாது."

நான் கல்லை நிமிர்த்தி வைத்தேன். எனக்கே அந்த இடம் சட்டென்று தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. மகள் கல்லைச் சுற்றி விரலை நகர்த்தினாள். வரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஓரிடத்தில் நின்றாள். திரும்பவும் பின்னால் போனாள். பிறகு கரும்பலகைக்கு வைத்திருந்த சாக்பீஸை எடுத்து ஒரு கோடு போட்டாள்.

"இந்தக் கோடு வரைக்கும் அம்மோனைட்டு. இதுக்கு அப்புறம் எங்க அப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. "எப்படிச் சொல்ற?" என்றார்.

"வரியப் பாருங்க சார். உள்ளேருந்து வெளிய வர வர நடுவுல இருக்குற எடம் பெருசாகுது. அது வளர வளர ஓடும் பெருசாகியிருக்கு. ஆனா இங்க எல்லாம் ஒரே அளவு. எங்க அப்பா டேப் வச்சு அளந்திருக்காரு. உசுரோட இருக்குறது டேப் வச்சுக்கிட்டு வளராது."

அவர் ஸ்கேல் கேட்டார். வரிகளுக்கு நடுவே வைத்து வைத்து அளந்தார். நான் இழுத்த வரிகள் நூல் பிசகாமல் இருந்தன. என் வாழ்க்கையில் நான் சுத்தமாக வேலை செய்ததற்காகச் சந்தோஷப்பட்ட நாட்கள் உண்டு. அன்றைக்குச் சந்தோஷம் வேறு காரணத்துக்காக வந்தது. பேராசிரியர் அந்த அம்மாவிடம் திரும்பி, "அசல் பிரிவுல போடுங்க" என்றார்.

அந்தப் பிரிவில் முப்பது நாற்பது மேஜைகள் இருந்தன. அதனால் மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. மகள் நன்றாகச் சாப்பிட்டாள். ஆனால் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் மைக்கில் ஆறு பேருடைய பெயர்களைப் படித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று யார் யார் பெயரோ வந்தது. நான்காவதும் வேறு யாரோ. டீச்சர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாவது பெயர் என் மகளுடையது.

கல்லை ஆராய்ச்சிக்காக அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெயிண்டை அவர்களே எடுப்பார்களாம். உதவிக்கு வரட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மகள் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். கையில் முகாமுக்கான கடிதம்.

"நீ பேரன்ட் இல்லியாமே. பேட்ஜ் போட்ட அண்ணன் சொன்னாங்க."

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல பாப்பா."

"இதுல பேரன்ட் கையெழுத்துப் போடணும். பெயிண்டர் போட்டா செல்லாது."

"போடுறேன்."

கடிதத்தை நீட்டினாள். நான் வாங்கப் போனபோது சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கையக் காட்டு."

காட்டினேன். இரண்டு உள்ளங்கையையும் தொட்டுப் பார்த்தாள். புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வார்னிஷ் ஒட்டியிருந்த என் ஒரு விரலை மட்டும் தன் பாவாடையில் அழுத்தித் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் கொடுத்தாள்.